பெட்டியில் என்ன புதுமை? காப்புரிமை ஆய்வு பிறந்த கதை

காப்புரிமை பிறந்தது 1474இல், வெனிஸ் நகரத்தில். கேட்டு வருகிறவரின் பொருளை ஆராய்ந்து பார்த்த பிறகுதான் காப்புரிமை கொடுக்க வேண்டும் என்ற முறை நிலைபெற்றது 1836இல், வாஷிங்டனில். நடுவே 362 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. முதல் பிறப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது பிறப்பை அநேகமாக யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது.

ஏன் என்று சொல்ல ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்கிறேன்: வாத்தியப் பெட்டி. மவுத்தார்கன் வைக்கும் டப்பா, புல்லாங்குழல் உறை, மோர்சிங் வைக்கும் கூடு, எதுவானாலும் சரி. தொலைபேசி போன்ற ஒரு கருவி முதன்முதலாக வரும்போது அது புதியது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. யார் முதலில் செய்தார் என்ற சண்டைதான் வரும். பெட்டி அப்படியில்லை. பெட்டி பார்க்காத மனிதர் உண்டா? மூடி, கீல், கொக்கி, உள்ளே வெல்வெட், எல்லாமே பழசு. ஆனாலும் ஒருவர் வந்து, “இந்தப் பெட்டியில் நான் ஒன்று புதிதாகச் செய்திருக்கிறேன், இருபது வருஷத்துக்கு என் அனுமதி இல்லாமல் வேறு யாரும் இப்படிச் செய்யக் கூடாது” என்கிறார். அவர் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம். அதை யார் தீர்மானிப்பது? எதை வைத்துத் தீர்மானிப்பது?

வெனிஸ் செனட் 1474 மார்ச் 19இல் போட்ட சட்டம் இதற்குப் பாதி விடை சொன்னது. அந்த நகரத்தில் அதுவரை யாரும் செய்திராத, சாமர்த்தியமான கருவி ஒன்றைச் செய்து முடித்தவர் அதை அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு வேறொருவர் அதைச் செய்யக் கூடாது. மீறினால் நூறு டுகாட் தண்டம், செய்த கருவியும் உடைக்கப்படும். புதியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்படிச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. உலகத்தைத் தேடிப் பார்த்துப் புதியதுதான் என்று உறுதி சொல்ல ஓர் ஆள் மட்டும் வரவில்லை.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து காட்டியது. முதலாம் எலிசபெத் அரசி சீட்டுக்கட்டு வியாபாரத்தின் ஏகபோகத்தைத் தன் அரண்மனை அதிகாரி ஒருவருக்கே எழுதிக் கொடுத்தார். சீட்டுக்கட்டு அவர் கண்டுபிடித்ததா என்ன? 1602இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1624இல் நாடாளுமன்றம், உண்மையாக முதலில் கண்டுபிடித்தவருக்கு மட்டும் 14 ஆண்டு உரிமை என்று சட்டம் செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் உரிமை வாங்கியவர் பொய் சொன்னார் என்று காட்ட, பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டாக வேண்டும். வழக்குச் செலவு செய்ய வசதியில்லாத தச்சரும் தோல் தொழிலாளியும் தாங்கள் காலங்காலமாகச் செய்துவந்த பொருளுக்கே பணம் கட்ட நேர்ந்தது. காப்புரிமை ஆய்வின் முழு நியாயமும் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. கண்டுபிடித்தவர் தன் கட்சியைத் தானே பேசிக்கொள்வார். அந்த அறையில் இல்லாத மற்ற எல்லோருக்காகவும் பேச ஓர் ஆள் வேண்டும்.

அமெரிக்கா 1790 ஏப்ரல் 10இல் அதற்கு ஒரு வழி செய்து பார்த்தது. வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சன், போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸ், தலைமை வழக்கறிஞர் எட்மண்ட் ராண்டால்ஃப் ஆகிய மூவரும் விண்ணப்பங்களைத் தாங்களே பரிசீலிக்க வேண்டும் என்றது சட்டம். பிறந்து சில ஆண்டுகளே ஆன ஒரு நாட்டின் மூன்று பெரிய தலைகள் உட்கார்ந்து எந்திரப் படங்களைப் பார்த்தார்கள். முதல் ஆண்டில் தேறியவை மூன்றே மூன்று. அவற்றில் முதலாவது, சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் முறைக்காக ஜூலை 31இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் பெற்றது.

அந்த மேஜையில் என்னென்ன விதிகள் உருவாயின என்பதை ஜெஃபர்சன் பின்னாளில், 1813இல், ஐசக் மெக்பெர்சன் என்பவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் சொல்கிறார். ஆலிவர் எவன்ஸ் என்பவர் தானியத்தை மேலே தூக்கும் வாளிச் சங்கிலிக்குக் காப்புரிமை வைத்துக்கொண்டு ஆலைக்காரர்களிடம் பணம் கேட்டுவந்த நேரம் அது. தண்ணீர் இறைக்க எத்தனையோ நூற்றாண்டுகளாக இருக்கும் வாளிச் சங்கிலியில் தானியத்தை ஏற்றினால் அது புதிய எந்திரமாகிவிடுமா என்பது ஜெஃபர்சனின் கேள்வி. தெரிந்த கருவியை யாரும் எந்த வேலைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்கு உரிமை கேட்க முடியாது என்பது ஒரு விதி. பொருளை மட்டும் மாற்றினால் போதாது, கொம்புச் சீப்பை இரும்பில் செய்வதுபோல, என்பது இன்னொன்று. வடிவத்தை மட்டும் மாற்றினாலும் போதாது, மூன்று முனைத் தொப்பியை வட்டமாகச் செய்வதுபோல, என்பது மற்றொன்று.

இந்த விதிகளை வாத்தியப் பெட்டியின்மேல் வைத்துப் பாருங்கள். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மவுத்தார்கனை வைத்துக்கொள்வது பழைய பொருளுக்குப் புது உபயோகம். மரப்பெட்டியைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது பொருள் மாற்றம். வயலின் பெட்டியைச் சுருக்கி ஒரு சாண் நீளத்துக்குக் கொண்டுவருவது வடிவ மாற்றம். உலகில் விற்கும் பெரும்பாலான பெட்டிகள் இந்த விதிகளிலேயே விழுந்துவிடும். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் இன்றைய ஆய்வு அறிக்கைகளில் இவற்றின் சாயல் அப்படியே இருக்கிறது.

ஆனால் மூன்று அமைச்சர்களுக்கு நேரம் எங்கே? 1793இல் சட்டத்தை மாற்றினார்கள். பணம் கட்டு, விவரம் கொடு, காப்புரிமை எடுத்துக்கொள் என்று ஆய்வே இல்லாத வெறும் பதிவாக அது ஆனது. 1802 முதல் 1828இல் இறக்கும்வரை அந்த அலுவலகத்தை நடத்தியவர் வில்லியம் தார்ன்டன். மருத்துவர், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் முதல் வரைபடம் போட்டவரும் அவரே. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குத் தீ வைத்தபோது, அலுவலகத் தாள்களை முன்கூட்டியே பத்திரப்படுத்திவிட்ட தார்ன்டன், மறுநாள் மறுபடியும் அங்கே ஓடினார். தான் பாடுபட்டுச் செய்துகொண்டிருந்த இசைக்கருவி ஒன்று உள்ளே இருந்தது, அதைக் காப்பாற்றத்தான். போன இடத்தில் அவர் பார்த்தது கட்டடத்தையே கொளுத்தத் தயாராக நின்ற சிப்பாய்களை. உள்ளே இருக்கும் மாதிரிகள் மனிதகுலம் முழுவதுக்கும் பயன்படுபவை, அவற்றை எரிப்பது அலெக்சாந்திரியா நூலகத்தை எரித்ததற்குச் சமம் என்று அதிகாரிகளிடம் வாதாடினார். கட்டடம் தப்பியது. ஒரு வாத்தியத்தின் மேல் ஒருவருக்கு இருந்த பற்று நாட்டின் கண்டுபிடிப்புகள் அத்தனையையும் காத்துக் கொடுத்தது. இதைப் படிக்கும் எந்த இசைக் கலைஞருக்கும் நெஞ்சு நிறையும்.

பொருள்கள் தப்பின, முறை சீர்கெட்டுக்கொண்டே போனது. அலுவலகத்தில் வைத்திருந்த மாதிரிகளைச் சிலர் வந்து பார்த்து, அப்படியே வரைந்துகொண்டு, சின்னதாக ஏதோ மாற்றித் தங்கள் பெயரில் காப்புரிமை வாங்கினார்கள். பிறகு ஊர் ஊராகப் போய் அந்த உரிமையை விற்றார்கள். 1836இல் மெய்ன் மாநிலத்து செனட்டர் ஜான் ரகிள்ஸ் தலைமையிலான குழு இதையெல்லாம் அறிக்கையாக எழுதி செனட்டின் முன் வைத்தது. அதே ஆண்டு ஜூலை 4இல் புதிய சட்டம் வந்தது. காப்புரிமை ஆணையர் ஒருவர். அவருக்குக் கீழே, வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உலகில் முன்பே இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எக்ஸாமினர். அந்த வேலைக்கு முதலில் அமர்ந்தவர் சார்லஸ் கெல்லர். விண்ணப்பதாரரும் தான் எதைத் தன்னுடையது என்று சொல்கிறார் என்பதைப் பிரித்துச் சுட்டிக்காட்ட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. இன்று உரிமைக்கோரல்கள் என்று நாம் எழுதும் பகுதி அங்கே உரம் பெற்றது. எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கின. ஜூலை 13இல் எண் 1 பெற்றவர் ரகிள்ஸேதான், ரயில் எஞ்சினின் சக்கரம் வழுக்காமல் இருக்க அவர் செய்த ஏற்பாட்டுக்காக.

ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 15 அன்று, தார்ன்டன் காப்பாற்றிய அதே கட்டடம் தீப்பிடித்து எரிந்து போனது. ஏறக்குறைய 7,000 மாதிரிகள் சாம்பலாயின. ஒப்பிட்டுப் பார்ப்பதே வேலை என்று வந்த எக்ஸாமினருக்கு ஒப்பிடுவதற்கான பொருளே போய்விட்டது. கண்டுபிடித்தவர்களிடம் இருந்த பிரதிகளைக் கேட்டு வாங்கி, பழைய ஏடுகளில் ஒரு பகுதியை மீட்டார்கள்.

பிரான்ஸ் வேறு பாதையில் போனது. 1844 ஜூலை 5இன் சட்டப்படி அங்கே எந்த ஆய்வும் இல்லாமல், விண்ணப்பதாரரின் பொறுப்பிலேயே காப்புரிமை தரப்பட்டது. அரசின் உத்தரவாதம் இல்லை என்பதைக் குறிக்கும் நான்கு எழுத்துகளைப் பொருளின் மேல் போட வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ்தான் அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் சாக்ஸஃபோனுக்குப் பதினைந்து ஆண்டுக் காப்புரிமை எடுத்தார். பாரிஸின் மற்ற வாத்தியம் செய்பவர்கள் ஒன்று திரண்டார்கள். இவர் செய்தவற்றில் புதுமை இல்லை, உரிமையை ரத்து செய்யுங்கள் என்று வழக்குக்கு மேல் வழக்கு. 1852, 1873, 1877 என மூன்று முறை சாக்ஸ் திவாலானார். ஆய்வு மட்டும் நடந்திருந்தால் அவரை வழக்கே அண்டியிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கையில் இருந்தது பணம் கட்டிய ரசீது போன்ற ஒரு தாள். பழைய வாத்தியங்களை எல்லாம் வைத்துப் பார்த்து, இது வேறு என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்திருந்தால் எதிராளிகளுக்கு அவ்வளவு துணிச்சல் வந்திருக்காது. ஆய்வு இல்லாத முறை பொதுமக்களை மட்டுமல்ல, உண்மையான கலைஞனையும் கைவிடுகிறது.

புதியது என்றால் மட்டும் போதுமா என்ற அடுத்த கேள்வி கதவுக் குமிழ் ஒன்றிலிருந்து பிறந்தது. களிமண்ணில் அல்லது பீங்கானில் செய்த குமிழுக்கு 1841இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்திருந்தார்கள். களிமண் குமிழ் முன்பே உண்டு. தண்டைக் குமிழுக்குள் பொருத்தும் அந்த முறையும் உலோகக் குமிழ்களில் முன்பே உண்டு. இரண்டையும் சேர்த்ததுதான் புதிது. 1851இல் உச்சநீதிமன்றம், இது கைத்திறன் உள்ள எந்தத் தொழிலாளியும் செய்யக்கூடிய வேலை, கண்டுபிடிப்பாளனின் வேலை அல்ல என்று தள்ளியது. ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். கண்டுபிடிப்பு என்பதற்கு அந்தத் துறையின் சாதாரணக் கைத்திறனைத் தாண்டிய ஓர் எட்டு வேண்டும் என்ற கோட்பாடு அன்றிலிருந்து நிற்கிறது.

1875இல் பென்சில். முனையில் ரப்பர் வைத்த பென்சிலுக்கு ஹைமன் லிப்மன் 1858இல் காப்புரிமை வாங்கியிருந்தார். அதை விலைக்கு வாங்கி மேலும் திருத்திய ரெக்கன்டார்ஃபர், ஃபேபர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். பென்சில் எழுதுகிறது, ரப்பர் அழிக்கிறது, ஒன்றின் வேலையை மற்றது மாற்றவில்லை, இரண்டையும் ஒட்டி வைத்ததால் புதிய விளைவு எதுவும் வரவில்லை என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. பெட்டி செய்கிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இது. மூடியில் ஒரு கண்ணாடி, பக்கத்தில் துணி வைக்க ஒரு பை, அடியில் பெயர் எழுத ஒரு தகடு என்று அடுக்கிக்கொண்டே போனால் பெட்டி வசதியாகும், கண்டுபிடிப்பாகாது.

பிரிட்டனுக்குப் புத்தி வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. 1901இல் ஃப்ரை குழு ஆராய்ந்தபோது, கொடுத்த காப்புரிமைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பழைய பிரிட்டிஷ் ஆவணங்களிலேயே முழுதாகவோ பகுதியாகவோ இருந்தவை என்று தெரிந்தது. அதன் பிறகுதான் 1905இல் அங்கே பழைய ஏடுகளைத் தேடிப் பார்க்கும் ஆய்வு தொடங்கியது.

நம் நாட்டின் முதல் காப்புரிமை விண்ணப்பம் 1856இல் கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃப்ரட் டிபென்னிங் கொடுத்தது. பங்கா இழுக்கும் எந்திரத்துக்காக. 1911இன் சட்டம் காப்புரிமைக் கண்ட்ரோலர் பதவியை உண்டாக்கியது. ஆனால் இன்று நம் ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் சட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் ஒரு சென்னைக்காரர், என். ராஜகோபால அய்யங்கார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி, பிறகு உச்சநீதிமன்ற நீதிபதி. இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டார் கையில் இருந்தும் அவற்றில் பெரும்பாலானவை இங்கே தொழிலாக நடக்கவேயில்லை என்பதை 1959 அறிக்கையில் அவர் எடுத்துக்காட்டினார். 1970இல் நிறைவேறி 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த அறிக்கையைப் பின்பற்றியது. அதன் பிரிவு 3(எஃப்): தெரிந்த சாதனங்கள் ஒவ்வொன்றும் தன்பாட்டில் தெரிந்த வேலையையே செய்யும்போது, அவற்றை வெறுமனே அடுக்குவதும் மாற்றி அடுக்குவதும் இரட்டிப்பதும் கண்டுபிடிப்பு அல்ல. பென்சில் வழக்கின் நியாயம் இங்கே சட்ட வாக்கியமாகவே நிற்கிறது. 1978இல், பாத்திரம் கடையும் லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துவைக்கும் சாதனம் பற்றிய வழக்கில் நம் உச்சநீதிமன்றமும், பட்டறையில் செய்யும் சாதாரணச் சீர்திருத்தம் காப்புரிமைக்குப் போதாது என்று உறுதிசெய்தது.

இனி ஒரு மோர்சிங் பெட்டி சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். மோர்சிங்கின் உயிர் அதன் நடுவே ஓடும் மெல்லிய எஃகு நாக்கு. வளைந்த நுனியில் ஒரு அடி பட்டால் நாதம் போய்விடும். சுருதி குறைக்க நுனியில் தேன்மெழுகு ஒட்டுவார்கள். கச்சேரிக்குப் பல சுருதிக்குப் பல மோர்சிங் கொண்டுபோக வேண்டும். ஆகவே நல்ல பெட்டிக்கு உண்மையான தேவை இருக்கிறது. விண்ணப்பம் தாக்கலாகி 18 மாதத்தில் பிரசுரமாகும். தாக்கலான நாளிலிருந்து 31 மாதத்துக்குள் ஆய்வு செய்யச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். பிறகு ஆய்வாளர் தேடத் தொடங்குவார். இசைக்கருவிகளின் துணைப்பொருள்களுக்கு உலக வகைப்பாட்டில் ஜி10ஜி என்று ஒரு பிரிவு உண்டு. பைகளுக்கும் கூடுகளுக்கும் ஏ45சி. இரண்டிலும் தேடுவார்.

முதல் கோரலில், மூடியும் கீலும் மோர்சிங் வடிவத்தில் வெட்டிய ஃபோமும் உள்ள பெட்டி என்று எழுதியிருந்தால், ஆய்வறிக்கை வயலின் பெட்டியைக் காட்டியே அதை மறுத்துவிடும். நாக்கு எதிலும் படாமல் காக்கும் கூடு என்று எழுதினாலும் சிக்கல் இருக்கிறது. வியட்நாமின் மங் மக்கள் தங்கள் பித்தளை வாய்வாத்தியத்தை அலங்கரித்த மூங்கில் குழாய்க்குள் நூலால் கட்டி வைக்கிறார்கள். சைபீரியாவின் யகூத் மக்கள் கோமுஸ் என்ற தங்கள் வாய்வாத்தியத்துக்கு மரத்தைக் குடைந்து கூடு செய்கிறார்கள். இவை காப்புரிமை ஏடுகளில் இருக்க வேண்டியதில்லை. தேதியோடு அச்சான ஓர் அருங்காட்சியகப் பட்டியலில் படம் இருந்தாலே போதும், புதுமை போய்விடும்.

அறிக்கை வந்த பிறகு பதில் சொல்ல ஆறு மாதம் உண்டு. கெட்டிக்கார விண்ணப்பதாரர் அங்கேதான் தன் பெட்டியை மறுபடி உற்றுப் பார்ப்பார். மூடியை மூடும் அதே அசைவில் இரண்டு தாங்கிகள் எழுந்து இரும்புச் சட்டத்தை மட்டும் பிடித்து, நாக்கையும் மெழுகையும் அந்தரத்தில் நிறுத்துகின்றன என்றால், மூடியும் தாங்கியும் சேர்ந்து ஒரு வேலை செய்கின்றன. அது வெறும் அடுக்கல் இல்லை. கோரலை அந்த அளவுக்குச் சுருக்கினால் கிடைக்க வாய்ப்புண்டு. பரந்த உரிமை கேட்டு வந்தவர் குறுகிய உரிமையோடு போகிறார். மற்றவர்களின் மரப்பெட்டியும் மூங்கில் கூடும் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வு சரியாக நடந்தது என்பதற்கு இதுவே அடையாளம். பெட்டியின் அழகுதான் புதிது என்றால் அதற்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பத்து ஆண்டு, நீட்டித்தால் மேலும் ஐந்து.

வாத்தியமும் அதற்குப் பெட்டியும் செய்கிற கைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இது. புதிதாக ஒன்று தோன்றினால் முதலில் தாக்கல் செய்யுங்கள், பிறகு காட்டுங்கள். டிசம்பர் சீசனில் சபா வாசலில் விற்றுவிட்டு ஜனவரியில் விண்ணப்பித்தால் உங்கள் பெட்டியே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். முழு விவரம் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரணம் கொடுத்துவிட்டு 12 மாதத்துக்குள் முடிக்கலாம். உங்கள் தாத்தா காலத்துக் கூட்டை வேறொருவர் தன்னுடையது என்று கோரினால், பிரசுரமான அந்த விண்ணப்பத்தை எதிர்த்து பிரிவு 25(1)இன்படி யாரும் எழுதிக் கொடுக்கலாம். அதற்குச் சான்று வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய உறைகளையும் கூடுகளையும் இப்போதே படமெடுத்து, செய்தவர் பெயரும் ஆண்டும் போட்டு, ஏதாவது ஓர் இதழிலோ அருங்காட்சியகப் பட்டியலிலோ வெளியிட்டு வையுங்கள்.